கேமலாட் சீரிஸ் ஏன் பத்து எபிசோட்லயே நின்னுச்சு: ஆர்தர் கதையோட உள்வேலை

2011ல ஸ்டார்ஸ் சேனல்ல வந்த கேமலாட் சீரிஸை இப்ப யாரும் பெருசா பேசுறதில்ல, பேசினாலும் ஈவா க்ரீன் நல்லா நடிச்சிருந்தாங்கங்கிறதோட பேச்சு முடிஞ்சிடுது. ஆனா வர்றதுக்கு முன்னாடி அதுக்கு இருந்த எதிர்பார்ப்பு சாதாரணமானது இல்ல. ஐரோப்பாவோட இடைக்காலத்துல இருந்து வந்த கதைகள்லயே உலகம் பூரா தெரிஞ்ச கதை ஆர்தர் ராஜா கதை, அதை தி டியூடர்ஸ் சீரிஸ் எழுதின மைக்கேல் ஹெர்ஸ்டும் க்றிஸ் சிப்னலும் சேர்ந்து உருவாக்குறாங்க, மந்திரவாதி மெர்லினா ஜோசப் ஃபைன்ஸ், ஆர்தரோட அக்கா மார்கனா ஈவா க்ரீன், அம்மா இக்ரெய்னா க்ளேர் ஃபோர்லானி, எதிரி லாட் ராஜாவா ஜேம்ஸ் ப்யூர்ஃபாய், ஷூட்டிங் அயர்லாந்துல. இதுக்கு மேல ஒரு சீரிஸுக்கு என்ன வேணும்? ஏப்ரல் 1ஆம் தேதி முறையா ஆரம்பிச்சு, ஜூன் 10ஆம் தேதி பத்தாவது எபிசோட் ஓடி முடிஞ்சு, ஜூன் 30ஆம் தேதியே அடுத்த சீசன் கிடையாதுன்னு சேனல் சொல்லிடுச்சு.

வெளிய சொன்ன காரணம் தயாரிப்பு சிக்கல், முக்கியமான நடிகர்களோட தேதி ஒத்துவரலைங்கிறது. அது உண்மையாவே இருக்கலாம், ஆனா நல்லா ஓடுற சீரிஸுக்கு தேதியை எப்படியாவது கண்டுபிடிச்சிடுவாங்கங்கிறதும் உண்மைதான். பார்த்தவங்க சொல்ற காரணம் வேற. ஆர்தரா நடிச்ச ஜேமி கேம்பெல் பவர் ராஜா மாதிரியே இல்ல, சின்னப் பையன் மாதிரி இருக்கார்னு ஒரு கூட்டம், தேவையில்லாத நிர்வாணமும் ரத்தமும்தான் கெடுத்துச்சுன்னு இன்னொரு கூட்டம், அதே ஏப்ரல் 17ஆம் தேதி ஹெச்பிஓல கேம் ஆஃப் த்ரோன்ஸ் வந்துச்சுல்ல, அது முன்னாடி எது நிக்கும்னு மூணாவது கூட்டம். இது மூணுலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா மூணுமே மேலோட்டமான காரணம்னுதான் எனக்குப் படுது. ஜேமி மேல பழி போடுறது நியாயமே இல்ல, கதையில ஆர்தர் ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாத பையன்தான், வளர்ப்பு அண்ணன் கே கூட வளர்ந்தவன், திடீர்னு நீதான் ராஜான்னு சொன்னா முழிக்கத்தான் செய்வான், அந்த முழியை அவர் சரியாவே பண்ணியிருக்கார். அந்தப் பையன் ராஜாவா மாறுற இடத்தை எழுத்துல கொடுக்கலைன்னா நடிகர் என்ன செய்வார்?

உண்மையான சிக்கல் அந்தக் கதை எப்படி வேலை செய்யுதுங்கிறதை கவனிக்காம பேரை மட்டும் எடுத்துக்கிட்டதுதான். இதை மூலக்கதைக்கு விசுவாசமா இல்லைங்கிற புகாரா எடுத்துக்க வேண்டாம், ஏன்னா ஆர்தர் கதைக்கு அப்படி ஒரு மூலமே கிடையாது. ஆயிரம் வருஷமா ஆளாளுக்கு மாத்தி மாத்தி எழுதினதுதான் அந்தக் கதை.

ஆறாம் நூற்றாண்டுல கில்டாஸ்னு ஒரு துறவி பிரிட்டானியர்கள் படையெடுத்து வந்த சாக்சன்களை பேடன் மலையில ஜெயிச்சதை எழுதுறார், ஆனா ஆர்தர்ங்கிற பேரே அதுல இல்ல. 830 வாக்குல எழுதின பிரிட்டானியர் வரலாறுங்கிற லத்தீன் நூல்ல ஆர்தர் வர்றார், ராஜாவா இல்ல, போர்த்தலைவனா, பன்னிரண்டு போர் ஜெயிச்சவரா, பேடன்ல ஒரே பாய்ச்சல்ல 960 பேரை தனியா வீழ்த்தினவரா. பிறகு 1136 வாக்குல ஜெஃப்ரி ஆஃப் மான்மத் உட்கார்ந்து இதை ஒரு முழு ராஜாவோட வாழ்க்கையா எழுதுறார், ஆர்தரோட அப்பா ஊதர் ராஜா இன்னொருத்தன் மனைவி இக்ரெய்ன் மேல ஆசைப்பட்டு மெர்லினோட மந்திரத்தால அவ புருஷன் உருவத்துல டின்டஜல் கோட்டைக்குள்ள போற கதை அங்கதான் வருது. 1155ல வாஸ்ங்கிற கவிஞர் அதை ஃப்ரெஞ்சுல எழுதும்போது ஆர்தரோட வீரர்கள் சுத்தி உட்கார்ற வட்ட மேசையைச் சேர்க்கிறார். அதுக்கு ஒரு தலைமுறை கழிச்சு க்ரெத்தியான் த த்ருவாங்கிற ஃப்ரெஞ்சு கவிஞர் லான்ஸ்லாட்டை ஆர்தரோட ராணி கினிவியரோட காதலனா கொண்டு வர்றார், இந்த சீரிஸோட தலைப்பா இருக்கிற கேமலாட்ங்கிற ஊர் பேரே அவர் எழுத்துலதான் முதல்ல வருது, அதுவும் போற போக்குல ஒரே ஒரு தடவை. கல்லுல இருந்து வாளை உருவுற காட்சி இன்னும் பிந்தி, 1200 வாக்குல ரொபேர் த போரோன் சேர்த்தது. கடைசியில ஆர்தரைக் கொல்ற மோட்ரெட் அவருக்கு அக்கா மகன் மட்டும் இல்ல, அவருக்கே பிறந்த மகன்ங்கிற பயங்கரமான திருப்பம் 1215ல இருந்து 1235க்குள்ள ஃப்ரெஞ்சுல உரைநடையா எழுதின பெரிய தொகுப்புல வருது. கடைசியா சர் தாமஸ் மாலரி ஜெயில்ல இருந்துக்கிட்டு இது எல்லாத்தையும் ஆங்கிலத்துல சேர்த்து 1470 வாக்குல முடிக்கிறார், 1485ல வில்லியம் கேக்ஸ்டன் அதை அச்சுல கொண்டு வர்றார்.

அரசியலும் இதுக்குள்ள நிறைய புகுந்திருக்கு. 1184ல தீப்பிடிச்சு எரிஞ்சுபோன கிளாஸ்டன்பரி மடத்துல, 1191ல துறவிகள் ஆர்தர் கல்லறையைக் கண்டுபிடிச்சிட்டோம்னு அறிவிச்சாங்க. வின்செஸ்டர்ல சுவர்ல தொங்குற வட்ட மேசை பதிமூணாம் நூற்றாண்டுல செஞ்ச மேசை, அது மேல இருக்கிற ஓவியம் எட்டாம் ஹென்றி காலத்துல வரைஞ்சது. ஏழாம் ஹென்றி 1486ல பிறந்த தன் மூத்த மகனுக்கு ஆர்தர்னே பேர் வெச்சார். அதனால 2011ல ஒரு டிவி சேனல் தனக்குத் தோணின மாதிரி மாத்திக்கிச்சுன்னா அது தப்பே இல்ல, எல்லாரும் செஞ்சதைத்தான் அவங்களும் செஞ்சாங்க.

ஆனா இத்தனை கையும் மாத்தினதுல ஒரு விஷயம் கூடிக்கிட்டே போச்சு, அதுதான் முக்கியம். ஒவ்வொரு காலத்து ஆளும் சேர்த்த துண்டு கதையை ஆர்தரோட அழிவை நோக்கி இன்னும் கொஞ்சம் இறுக்குச்சு. ஜெஃப்ரி கதையில ஆர்தர் ரோமோட சண்டை போடப் போன நேரத்துல அக்கா தங்கச்சி மகன் ஒருத்தன் துரோகம் பண்றான், அவ்வளவுதான், வெளியில இருந்து வந்த கேடு. மாலரிக்கு வரும்போது கேடு முழுக்க உள்ளேயே இருக்கு, அதுவும் கெட்டவங்க செஞ்சதால இல்ல, நல்லவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் வெச்ச அன்பாலயும் விசுவாசத்தாலயும் வந்தது.

மாலரியில கேரத்னு ஒருத்தன் வர்றான், ஆர்தரோட அக்கா மகன் கவெய்னோட தம்பி, இவனைப் பத்தி சினிமாக்காரங்க யாரும் பெருசா கவலைப்படுறதில்ல. கேரத்துக்கு நைட்ங்கிற வீரர் பட்டம் கொடுத்ததே லான்ஸ்லாட், அதனால அண்ணனை விட லான்ஸ்லாட் மேலதான் அவனுக்கு பாசம். லான்ஸ்லாட்டும் ராணியும் ஒரே அறையில மாட்டிக்கிறாங்க, வளைச்சுப் பிடிக்க வந்தவங்கள்ல கவெய்னோட இன்னொரு தம்பி அக்ரவெய்னையும் கவெய்னோட சொந்த மகன்களையும் லான்ஸ்லாட் வெட்டிட்டு தப்பிக்கிறான். கவெய்ன் அதையும் பொறுத்துக்கிறான், நான் போகாதீங்கன்னு எச்சரிச்சேன், கேட்கலை, அவங்க தப்புன்னு விட்டுடுறான். சட்டப்படி ராணியை எரிக்கணும், ஆர்தர் உத்தரவு போடுறார், கவெய்ன் அந்தக் கொடுமை நடக்கிற இடத்துல நான் நிக்க மாட்டேன்னு மறுத்துடுறான், தம்பிங்க கேரத்தும் கேஹரிஸும் ராஜா சொல்லை மீற முடியாம போறாங்க, ஆனா எங்களுக்கு இதுல சம்மதம் இல்லைன்னு காட்ட கவசமும் ஆயுதமும் இல்லாம போறாங்க. லான்ஸ்லாட் ராணியைக் காப்பாத்த குதிரையில புகுந்து அடிக்கிறான், கூட்டத்துல யாருன்னு தெரியாம அவன் வாள் வெட்டின ஆட்கள்ல அந்த ரெண்டு பேரும் செத்துப் போறாங்க. அவன் மேல உயிரையே வெச்சிருந்த பையன், அவனுக்கு எதிரா ஆயுதம் எடுக்க மாட்டேன்னு வெறுங்கையோட நின்ன பையன், அவன் கையாலயே போறான்.

அதுக்கப்புறம் கவெய்னை யாராலயும் நிறுத்த முடியல. மகன்களுக்காக எழாத பழி கேரத்துக்காக எழும்புது, அவன் விடாம பிடிச்சு இழுத்ததாலதான் ஆர்தர் கடல் தாண்டி லான்ஸ்லாட் மேல படையெடுக்கிறார், ஆர்தர் இல்லாத நேரத்துல மோட்ரெட் நாட்டைப் பிடிக்கிறான். ஆர்தர் இந்த இடத்துல சொல்றதை மறக்கவே முடியாது, ராணி போனதை விட என் நல்ல நைட்டுகள் போனதுதான் எனக்கு வலிக்குது, ராணிகள் எத்தனை பேர் வேணா கிடைப்பாங்க, இப்படி ஒரு கூட்டம் மறுபடி கிடைக்காதுன்னு. கேட்க கொடூரமா இருக்கும், ஆனா அந்த மனுஷன் எதை உயிரா நினைச்சார்ங்கிறது ஒரே பேச்சுல தெரியுது. இந்த மொத்தச் சங்கிலியில வில்லன்னு சொன்னா மோட்ரெட்டும் அக்ரவெய்னும்தான், அவங்க மூட்டினது தீ மட்டும்தான், விறகு எல்லாம் நல்லவங்க அடுக்கினது. மாலரி கதையில சாவு எந்தக் கணக்கையும் தீர்க்காது, ஒவ்வொரு சாவும் புதுசா ஒரு கணக்கை ஆரம்பிச்சு வைக்கும்.

கடைசிப் போர்கூட அப்படித்தான் ஆரம்பிக்குது. ஆர்தரும் மோட்ரெட்டும் ஆளுக்கு பதினாலு பேரோட நடுவுல சந்திச்சு சமாதானம் பேசுறாங்க, ஒப்பந்தம் ஆகிடுது, ரெண்டு பக்கமும் படைக்கு சொல்லி வெச்சது ஒரே விஷயம், எவன் கையிலயாவது உருவின வாளைப் பார்த்தா பாஞ்சிடுங்க. புதர்ல இருந்து வந்த ஒரு பாம்பு ஒரு நைட்டோட காலைக் கடிக்குது, அவன் பாம்பை அடிக்க வாளை உருவுறான், அவ்வளவுதான், ரெண்டு படையும் மோதி அன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள கிட்டத்தட்ட எல்லாரும் காலி.

இப்ப சீரிஸுக்கு வருவோம். அவங்க செஞ்ச பெரிய மாற்றம் லான்ஸ்லாட்டைத் தூக்கிட்டு லியாண்டஸ்னு ஒருத்தனை வெச்சது. கினிவியருக்கு லியாண்டஸோட கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கு, அவன் ஆர்தருக்கு விசுவாசமான வீரன், நேர்மையானவன். ஆர்தர் அவளைப் பார்த்து காதல்ல விழுந்து கல்யாணத்தன்னிக்கே அவளோட சேர்ந்துடுறான், அவளும் விரும்பித்தான், அப்புறம் அவ போய் லியாண்டஸைக் கல்யாணம் பண்ணிக்கிறா. யோசிச்சுப் பார்த்தா இது ரொம்ப தைரியமான மாற்றம். எப்பவும் ஏமாத்தப்படுற ஆர்தர் இங்க ஏமாத்துறவன். அதுவும் அவன் அப்பன் ஊதர் செஞ்சது என்ன, இன்னொருத்தன் மனைவியைத் தொட்டது, அதையே மகனும் செய்றான். நல்ல ராஜாவா இருக்கணும், அப்பா மாதிரி இருக்கக் கூடாதுன்னு நினைக்கிற பையன் முதல் வாரத்துலயே அப்பா செஞ்ச தப்பைச் செஞ்சா அதுக்குள்ள ஒரு முழு சீரிஸே இருக்கு.

அவங்க அதை என்ன செஞ்சாங்க? நிறைய எபிசோடுக்கு ஆர்தரும் கினிவியரும் ஒருத்தரையொருத்தர் ஏக்கமா பார்த்துக்கிறாங்க, மெர்லின் முறைக்கிறான், பார்க்கிறவங்களுக்கு எப்படா சேருவாங்கங்கிற காதல் கதையாத்தான் அது காட்டப்படுது. லியாண்டஸுக்கு உண்மை தெரிய வரும்போதுதான் மொத்த சீரிஸ்லயும் ஆர்தர் மேல உண்மையான கேள்வி ஒண்ணு விழுது, ஒரு நேர்மையான ஆளு, தன்னோட ராஜா தன்னை என்ன பண்ணியிருக்கார்னு தெரிஞ்சும் அவர் பக்கத்துல நின்னு சண்டை போடணுமா வேண்டாமா. இதுதான்டா கதைன்னு நிமிர்ந்து உட்கார்ற நேரத்துல கடைசிப் போர்ல லியாண்டஸ் செத்துப்போறான். பிரச்சினை முடிஞ்சிடுச்சு. புருஷன் போயாச்சு, பழி சொல்ல ஆள் இல்ல, பாதை க்ளியர். கேரத்தோட சாவு ஒரு ராஜ்யத்தையே உடைச்சுது, லியாண்டஸோட சாவு ஆர்தருக்கு வசதி பண்ணிக் கொடுத்துச்சு. எனக்கு இந்த சீரிஸ் மேல இருக்கிற கோபம் பூரா இந்த ஒரு இடத்துலதான் இருக்கு.

நாலாவது எபிசோட்ல வர்ற, ஆர்தரோட வாள் எக்ஸ்காலிபர் பத்தின காட்சியும் இதே கதிதான், அதை நிறைய பேர் கேலி பண்றாங்க, எனக்கு என்னவோ சீரிஸ்லயே நல்ல யோசனை அதுதான்னு தோணுது. மெர்லின் ஆர்தருக்காக ஒரு வாள் செய்யச் சொல்லி காலிபர்ன்ங்கிற கொல்லன்கிட்ட போறான், தகராறாகி மெர்லினோட மந்திரம் கட்டு மீறி கொல்லன் செத்துப்போறான், எக்ஸ்காலிபர்ங்கிற பேரோட இருக்கிற அவன் மகள் வாளை எடுத்துக்கிட்டு ஏரியில படகுல தப்பிக்கிறா, மெர்லின் துரத்துறான், தண்ணி உறைய ஆரம்பிக்குது, பொண்ணு மூழ்குறா, வாளைப் பிடிச்ச கை மட்டும் மேல தெரியுது. உலகத்துக்கே தெரிஞ்ச படம் அது, ஏரிக்குள்ள இருந்து ஒரு கை வாளை நீட்டுறது, அதை ஒரு கொலையா மாத்திட்டாங்க. ஒரு ராஜாவோட புகழுக்குப் பின்னாடி யாருக்கும் தெரியாத ஒரு பொண்ணோட சாவு இருக்குங்கிறது சின்ன விஷயமா? ஜோசப் ஃபைன்ஸ் அந்த எபிசோட்ல உடைஞ்சு போய் நிக்கிறதை நம்பவும் முடியுது.

ஆனா அடுத்த வாரம் அந்தப் பொண்ணு எங்க போனா? அந்த வாளை ஆர்தர் ஒவ்வொரு தடவை உருவும்போதும் நமக்கு ஏதாவது குத்தணும், குத்தல. அந்த ஊர்க்காரங்க யாரும் வந்து கேட்கல, ஆர்தரோட நியாயத்துக்கு முன்னாடி இது வழக்கா வரல. மாலரியில அதே ஏரி எப்படி திரும்ப வருதுன்னு பாருங்க. சாகக் கிடக்கிற ஆர்தர் தன்னோட நைட் பெடிவியரைக் கூப்பிட்டு வாளை எடுத்துட்டுப் போய் தண்ணியில எறின்னு சொல்றார். பெடிவியர் கைப்பிடியில இருக்கிற கல்லையெல்லாம் பார்த்துட்டு மனசு வராம மரத்தடியில ஒளிச்சு வெச்சுட்டு வந்து எறிஞ்சிட்டேன்னு பொய் சொல்றான். என்ன பார்த்தேன்னு ஆர்தர் கேட்கிறார், அலையும் காத்தும்தான்னு சொல்றான், பொய்னு தெரிஞ்சிடுது. ரெண்டாவது தடவையும் அதே பொய். மூணாவது தடவை நிஜமாவே எறியிறான், ஒரு கை வந்து பிடிச்சு மூணு தடவை ஆட்டிட்டு உள்ள போயிடுது. மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு விசுவாசி, அவனும் ராஜாவோட கடைசி உத்தரவை ரெண்டு தடவை மீறுறான், அதுவும் அந்த வாள் மேல இருக்கிற மதிப்பால. எவ்வளவு சின்ன இடம், அதுக்குள்ள வட்ட மேசை எப்படி உடைஞ்சதுங்கிறதே திரும்ப ஒரு தடவை நடந்து முடியுது.

மோட்ரெட் பிறப்பையும் இதே கண்ணோட பார்க்கணும். மாலரியில லாட் ராஜாவோட மனைவி மார்காஸ் ஆர்தரோட அரண்மனைக்கு வர்றா, அவ தன் தாய் வயித்து அக்கான்னு ஆர்தருக்குத் தெரியாது, ஆனா இன்னொருத்தன் மனைவின்னு நல்லாத் தெரியும், தெரிஞ்சேதான் படுக்கிறார். பிறகு மெர்லின் வந்து அந்தக் குழந்தை உன்னை அழிக்கும்னு சொல்றான், ஆர்தர் மே முதல் நாள் பிறந்த பிரபு வீட்டுக் குழந்தைகளையெல்லாம் ஒரு கப்பல்ல ஏத்தி கடல்ல விடச் சொல்றார், கப்பல் உடைஞ்சு எல்லாக் குழந்தையும் சாகுது, மோட்ரெட் மட்டும் கரை ஒதுங்கி பிழைக்கிறான். கம்சன் செஞ்ச வேலையை கதாநாயகன் செய்றான், கதை அதை மறைக்கவே இல்ல. சீரிஸ்ல கடைசி எபிசோட் முடியிற நேரத்துல மார்கன் கினிவியர் உருவத்துல வந்து ஆர்தரோட படுத்துட்டுப் போறா, அவ வயித்துல வர்ற மகன் ராஜா ஆவான்னு முடியுது. ஊதர் வேற உருவத்துல போய் இக்ரெய்னை ஏமாத்தினான், அதே தந்திரத்தால ஊதரோட மகள் ஊதரோட மகனை ஏமாத்துறா, இந்தக் கண்ணாடி அமைப்பு அருமை, அதை யோசிச்சவங்களைப் பாராட்டணும். ஆனா ஆர்தர் பக்கம் ஒரு துளி தப்பும் இல்ல, அவன் வெறும் ஏமாந்தவன். அதோட இது வர்றது கடைசி சில நிமிஷத்துல, அடுத்த சீசனுக்கு தூண்டில் போடுற இடத்துல, அந்த சீசன் வரவே இல்ல.

மொத்தத்துல சீரிஸ்ல நடக்கிற கெட்டதெல்லாம் மார்கன் கிட்ட இருந்தே வருது. ஈவா க்ரீன் அந்தப் பாரத்தை முழுக்கத் தாங்குறாங்க, அப்பா தூக்கி எறிஞ்ச மூத்த மகள், சட்டப்படி தனக்கு வர வேண்டிய நாற்காலியில யாருன்னே தெரியாத ஒரு பையன் உட்கார்றதைப் பார்க்கிறவ, அந்தக் கோபத்துல நியாயம் இருக்கு. அதனாலயே ஒரு விபரீதம் நடந்துச்சு, பார்க்கிறவங்க மனசு அவங்க பக்கம் போயிடுச்சு. ஆர்தரோட ஆட்சியில அப்படி என்ன நல்லது, இந்தப் பையன் ஏன் ராஜாவா இருக்கணும்னு கேட்டா சீரிஸ்கிட்ட பதில் இல்ல. அவங்க காட்டுற கேமலாட் செடி மண்டிப்போன பழைய ரோமானியக் கோட்டை, அழகான யோசனை அதுவும், இடிஞ்சுபோன ஒண்ணை திரும்பக் கட்டுறது. ஆனா கட்டவே இல்ல, வட்ட மேசைக் கூட்டம்னு சொல்ல ஏழெட்டு முகம்கூட மனசுல நிக்கல. உடையும்போது நமக்கு வலிக்கிற மாதிரி எதையாவது முதல்ல கட்டிக் காட்டணும்ல. லாட் ராஜாவா வந்த ஜேம்ஸ் ப்யூர்ஃபாய் முதல் ரெண்டு எபிசோட்லயே போயிடுறதும் பெரிய நஷ்டம், அவர் இருந்த வரைக்கும் ஆர்தருக்கு உண்மையான ஆபத்து இருந்துச்சு.

இதுக்குப் பின்னாடி சேனலோட கணக்கும் இருக்கு. ஹெச்பிஓவோட ரோம், ஷோடைமோட தி டியூடர்ஸ் வந்ததுக்கு அப்புறம் சந்தா கட்டிப் பார்க்கிற சேனல் எல்லாத்துக்கும் சரித்திரக் கதை வேணும்னு ஆச்சு, ஸ்டார்ஸ் 2010ல ஸ்பார்டகஸ் போட்டு ரத்தமும் படுக்கையும் கலந்து ஜெயிச்சுது, அதே வருஷம் பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துல நடக்கிற தி பில்லர்ஸ் ஆஃப் தி எர்த் குறுந்தொடரும் போட்டுச்சு. அடுத்தது ஆர்தர்ங்கிறது இயல்பா வந்த முடிவு. ஆனா சாதாரண டிவியில காட்ட முடியாததை காட்டணும்ங்கிற கட்டாயம் ஒரு பக்கம், பல வருஷம் ஓட்டணும்ங்கிற கணக்கு ஒரு பக்கம். பல வருஷம் ஓட்டணும்னா லான்ஸ்லாட்டையும் நைட்டுகள் தேடிப் போற புனிதக் கிண்ணத்தையும் மோட்ரெட்டையும் பிறகு பார்த்துக்கலாம்னு ஒத்திப்போடத்தான் தோணும், ஒத்திப்போட்ட எல்லாமே கதையோட எஞ்சின். இருக்கிற பத்து மணி நேரத்துல ஓடினது முன்னுரை.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் ஒப்பீட்டை இந்த இடத்துல வெச்சாதான் அர்த்தம் வருது. பட்ஜெட்டோ டிராகனோ இல்ல வித்தியாசம். கேமலாட் முடிஞ்சது ஜூன் 10, ரெண்டே நாள் கழிச்சு ஜூன் 12ஆம் தேதி கேம் ஆஃப் த்ரோன்ஸ்ல நெட் ஸ்டார்க்கோட தலை விழுது. நேர்மையான ஒரு மனுஷன், குழந்தைகள் மேல இரக்கப்பட்டு ராணியை முன்கூட்டியே எச்சரிச்சதால மாட்டிக்கிட்டு சாகிறார், அந்த சாவுல இருந்து ஒரு போரே கிளம்புது. இது அச்சு அசல் மாலரி தர்க்கம். அதுல ஆச்சரியமும் இல்ல, அந்தக் கதைக்கு அடிப்படையா இருந்த, இங்கிலாந்து அரச குடும்பத்தோட ரெண்டு கிளைகள் மோதின ரோஜாப் போர்கள் நடந்துக்கிட்டு இருந்த காலத்துலதான் மாலரி எழுதினார், சொந்தக்காரங்க ரெண்டு பக்கமா நின்னு வெட்டிக்கிறதை கண்ணால பார்த்த தலைமுறை அது. ஆர்தர் பேரை வெச்சிருந்த சீரிஸ்ல ஆர்தர் கதை இல்ல, அந்தப் பேரே இல்லாத சீரிஸ்ல அது இருந்துச்சு.

மாத்தி எழுதினது தப்பில்லைன்னு சொன்னேன், அதுக்கு நல்ல சாட்சி பிபிசியோட மெர்லின். 2008ல ஆரம்பிச்சு 2012 டிசம்பர் 24ஆம் தேதி முடிஞ்சுது, அஞ்சு சீசன், 65 எபிசோட், குடும்பத்தோட சனிக்கிழமை சாயந்திரம் பார்க்கிற சீரிஸ், ரத்தம் கிடையாது, ஆரம்பத்துல பல எபிசோட் சின்னப் பிள்ளைத்தனமாவே இருக்கும். மெர்லினும் ஆர்தரும் ஒரே வயசுப் பையன்கள், ஊதர் மந்திரத்தை தடை பண்ணியிருக்கார், கினிவியர் அரண்மனை வேலைக்காரி, கொல்லனோட மகள். கேமலாட் சீரிஸை விட பத்து மடங்கு மாத்தியிருக்காங்க. ஆனா அஞ்சாவது சீசன்ல மோட்ரெட் கதை வரும்போது பாருங்க, அவன் நல்ல பையன், ஆர்தரை மதிக்கிறவன், மெர்லின் மட்டும்தான் எதிர்காலம் தெரிஞ்சு அவனை நம்பாம தள்ளியே வைக்கிறான். மோட்ரெட் உயிரா நினைச்ச பொண்ணை ஆர்தர் சட்டப்படி தூக்குல போட உத்தரவு போடுறார், அவன் அவளைத் தப்பிக்க வைக்கப் போறதை மெர்லின் காட்டிக் கொடுக்கிறான், அதுல இருந்துதான் மோட்ரெட் எதிரியாகிறான். ஆர்தரைக் காப்பாத்த மெர்லின் செஞ்ச ஒவ்வொண்ணும் ஆர்தரைக் கொல்லப் போற கையைத் தயார் பண்ணுது. மெர்லின் தனக்கு மந்திரம் தெரியும்ங்கிற ரகசியத்தைச் சொல்றதே ஆர்தர் சாகப் போற நேரத்துலதான், அது அஞ்சு வருஷமா பார்த்தவங்களை அப்படி அழ வெச்சதுக்கு காரணம் அந்த சங்கிலி அறுபடாம வந்து சேர்ந்ததுதான்.

இன்னொரு சாட்சி மைக்கேல் ஹெர்ஸ்டே. கேமலாட் நின்ன ரெண்டு வருஷத்துல, 2013ல, ஹிஸ்டரி சேனலுக்கு வைக்கிங்ஸ் எழுதினார், அதே அயர்லாந்து, கேமலாட்ல கவெய்னா வந்த க்ளைவ் ஸ்டாண்டன் அதுல ரோலோவா வர்றார். அதுவும் இடைக்காலப் புராணம்தான், அதோட கதாநாயகன் ரக்னார் லோத்ப்ரோக் உண்மையில இருந்தாரான்னே உறுதியா சொல்ல முடியாது. ஆனா ஹெர்ஸ்ட் இந்தத் தடவை பழைய கதைகள்ல இருக்கிற எலும்பை உடைக்கல. ரக்னார் இங்கிலாந்துல ஏலா ராஜாகிட்ட மாட்டி பாம்புக் குழியில சாகணும், மகன்கள் பழி வாங்க பெரும் படையோட வரணும், நாலாவது சீசன்ல அது அப்படியே நடக்குது, அதுவரைக்கும் அண்ணன் தம்பி பொறாமை, துறவி ஆதெல்ஸ்டன் மேல ரக்னார் வெச்ச அன்பு, அந்த அன்பால நண்பன் ஃப்ளோக்கி செஞ்ச கொலைன்னு ஒண்ணுல இருந்து ஒண்ணு விளையுது. ஆறு சீசன் ஓடுச்சு. அதே எழுத்தாளர், அதே மாதிரி பழைய கதை, முடிவு எங்க இருக்குன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு அதை நோக்கி எழுதினா என்ன ஆகும்ங்கிறது தெரியுது.

2020ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்த கர்ஸ்ட்ங்கிற ஆர்தர் கதை சீரிஸும் பத்து எபிசோட், ஏரி தேவதையா ஆகப் போற நிமுவே கையில வாளைக் கொடுத்து ஆரம்பிச்சாங்க, நல்ல கோணம், ஆனா அதுவும் பேர் எல்லாத்தையும் கடைசியில வெளிப்படுத்துறதுக்காக ஒளிச்சு வெச்சு முன்னுரையாவே முடிஞ்சு ஒரே சீசன்ல நின்னுடுச்சு. முன்னுரை எடுக்கிறதை விட்டுட்டு யாராவது நேரா நடுவுல இருந்து ஆரம்பிக்கணும். வட்ட மேசை முழுசா இருக்கு, எல்லாருக்கும் வயசாகிடுச்சு, லான்ஸ்லாட்டும் ராணியும் பத்தின பேச்சு எல்லாருக்கும் தெரியும் யாரும் வாய் திறக்கிறதில்ல, அக்ரவெய்ன் ஒருத்தன் சபையில வாய் திறக்கப் போறான். அங்க இருந்து கடைசிப் போர் நடக்கிற சால்ஸ்பரி சமவெளியில பாம்பு வர்ற வரைக்கும் சரியா பத்து எபிசோடுக்கு கதை இருக்கு, கேரத்துக்கு நல்ல நடிகரைப் போட்டு முதல் நாலு எபிசோட் அவனை நாம விரும்புற மாதிரி எழுதிட்டா போதும், மிச்சத்தை மாலரியே பார்த்துப்பார்.